மாதவராஜ் பேரில் ஓர் ஈரல்

கம்பைநல்லூர்
6.10.2024

பெங்களூர் மாநகரத்தை மைக்ராஸ்கோப் வழியாக ஆண்டுகொண்டிருக்கும் மருமகள் ஐஸ்வர்யாவுக்கு, உன் ஒரே தாய்மாமன் ஆயிரம் ஆசிகளோடும் அதைவிடக் கொஞ்சம் கூடுதலான வயிற்றெரிச்சலோடும் எழுதுவது.

நான் நலம். உன் அத்தை பாஞ்சாலி நலம். புளி விலைதான் படுத்துவிட்டது. வாட்ஸப் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். வாட்ஸப்பில் நீ ரெண்டு நீலக் கோடு காட்டிவிட்டுத் தலைமறைவாகி விடுகிறாய். கடிதத்தில் அந்த வித்தை பலிக்காது. தபால்காரர் என் கட்சி.

விஷயத்துக்கு வருகிறேன். வியாழக்கிழமை அரூர் புளி மண்டியில் நான் தர்பார் நடத்திக்கொண்டிருந்தேன். எதிரே நாலு வியாபாரிகள். உன் சித்தப்பா மாதவராஜ் இண்டூரிலிருந்து பஸ் ஏறி வந்து நேராக என் முன்னால் நின்றான்.

"மச்சான், பாப்பா என் ரத்தத்தைக் கேட்டிருக்குதுங்க."

"எதுக்கு, பொங்கல் வைக்கவா?"

"இல்லீங்க, அதுல ஈரல் வளர்க்குமாம். பென் டிரைவ் அளவு ஒரு சிப்புல. அதுக்குள்ள மாத்திரையை ஓடவிட்டு, ஒத்துக்குதா இல்லையான்னு பார்க்குமாம்."

நாலு வியாபாரிகளும் என்னை அம்போவென்று விட்டுவிட்டு அவன் பக்கம் திரும்பினார்கள். ஒருவர் எழுந்து அவனுக்கு ஸ்டூல் போட்டார். அந்த ஸ்டூல் பதினெட்டு வருஷமாக என் சிம்மாசனம். இவன் சட்டைக் கையை ஏற்றிவிட்டு, எந்த நரம்பில் எடுப்பார்கள் என்று ஊருக்கே காட்டினான். அந்த நேரம் என் வயிற்றிலிருந்து கிளம்பிய புகையில் மொரப்பூர் ரயில் ஒரு மணி நேரம் நின்று போனதாகக் கேள்வி.

அவன் வேதனை எனக்குத் தெரியாதது இல்லை. உன் அப்பன் கோவிந்தன் மூட்டு வாதத்துக்கு மாத்திரை எடுத்து, மூணாவது வாரம் கண் மஞ்சளாகி, ஈரல் கெட்டு, நாற்பது நாளில் நம்மை விட்டுப் போனான். ஆயிரத்தில் ஒருவருக்கு அப்படி ஆகும் என்றார் டாக்டர். இப்போது அதே வாதம் தம்பிக்காரனுக்கு. அதே மாத்திரையைத்தான் எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். அவன் பயந்து தொடமாட்டேன் என்கிறான். விரலெல்லாம் மஞ்சள் கிழங்கு மாதிரி வீங்கிக் கிடக்கிறது. பாவம்தான். நான் இல்லை என்று சொல்லவில்லை. இரக்கம் வேறு, முறை வேறு.

உனக்குக் காது குத்தியபோது யார் மடியில் உட்கார்ந்தாய்? நீ பெரிய மனுஷி ஆனபோது பச்சை ஓலை வெட்டிக் குடிசை கட்டியவன் யார்? மாதவராஜ் அன்றைக்குப் பந்தலில் அப்பளம் எண்ணிக்கொண்டிருந்தான். நல்லதோ கெட்டதோ, தாய்மாமன் கை படாமல் ஒரு காரியம் தொடங்குமா? ரத்தம் வேண்டுமென்றால் முதல் கை என் கை. இதற்குப் பதில் எழுது.

மூன்றாம் வார்டு சக்கரவர்த்தி,
புளி மண்டிக் காவலன்,
உன் மாமன் சென்றாயன்


பெங்களூர்
14.10.2024

அன்புள்ள மாமாவுக்கு,

உங்க கடிதத்தை லேபில் வைத்துப் படித்தேன். நான் தனியாகச் சிரிப்பதைப் பார்த்துப் பக்கத்து மேசைப் பெண் பயந்துவிட்டாள்.

மாமா, இதில் முறை ஒன்றும் இல்லை. சிப் என்றால் தெளிவான ரப்பர்த் துண்டு. உள்ளே தலைமுடி கனத்தில் ரெண்டு வாய்க்கால். ஒன்றில் ஈரல் செல் குடியிருக்கும். இன்னொன்றில் ரத்தம் போல ஒரு திரவம் ஓடும். நாம் கொடுக்கும் ரத்தத்திலிருந்து சில செல்களை எடுத்து, பிறக்காத பிள்ளையின் செல் மாதிரி பின்னோக்கித் திருப்பி, அப்புறம் ஈரலாக வளர்ப்போம். அதற்கே ஆறேழு மாதம் ஆகும். அந்த ஈரல் யார் ரத்தமோ அவர் ஈரல் மாதிரியே நடந்துகொள்ளும். மாத்திரையை ஓடவிட்டால், அவருக்குக் கெடுதல் வருமா என்பதை அவர் உடம்பைத் தொடாமலே பார்க்கலாம்.

அப்பாவுக்கு ஏன் அப்படி ஆனது என்று எனக்குத் தெரிய வேண்டும். அதற்கு அப்பா வழி ரத்தம் வேண்டும். அது சித்தப்பாவிடம்தான் இருக்கிறது. உங்களைப் பிடிக்காமல் இல்லை. அம்மா வழி ரத்தம் இந்தக் கேள்விக்கு உதவாது, அவ்வளவுதான்.

சித்தப்பா இதை நம்பித்தான் மாத்திரையைத் தள்ளிப்போடுகிறார். இது வைத்தியம் இல்லை, ஆராய்ச்சி என்று பத்துத் தடவை சொல்லிவிட்டேன். கேட்பதாக இல்லை.

உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். அரூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பேசியிருக்கிறேன். பெட்டியும் மூன்று குழாயும் அனுப்புகிறேன். ஒன்று உடைந்தால் இன்னொன்று. சித்தப்பாவுக்கு எடுத்ததும் அவர் பேர் அச்சடித்த ஸ்டிக்கரை ஒட்டி நீங்களே கொண்டுவாங்க. ஐஸில் வைக்கக் கூடாது, வெயில் படக் கூடாது, குலுக்கக் கூடாது. கூரியரை நம்ப மாட்டேன். உங்களை நம்புவேன்.

அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்க.

அன்புடன்,
ஐசு


கம்பைநல்லூர்
12.11.2024

ஈரல் வளர்க்கும் இளவரசிக்கு மாமன் எழுதுவது.

பெட்டி வந்து சேர்ந்தது என்று உன் ஆபீஸ் வாசலில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்கள். நீ மீட்டிங்கில் இருந்தாயாம். பரவாயில்லை. அந்தப் பயணத்தைப் பற்றி நீ அறிந்துகொள்ள வேண்டும். தருமபுரியிலிருந்து பெங்களூர் வரை அந்தப் பெட்டியை மடியில் வைத்து, மூச்சைக்கூட ஒரு பக்கமாக விட்டேன். கிருஷ்ணகிரியில் ஒரு அம்மா, "என்னங்க அது, பாம்பா?" என்று கேட்டது. "இல்லைம்மா, எங்க குடும்பம்" என்றேன். அந்தம்மா எழுந்து பின் சீட்டுக்குப் போய்விட்டது. ஓசூர் தாண்டி டிரைவர் பிரேக் போட்டபோது நான் அந்தரத்தில் எழும்பினேன், பெட்டி மட்டும் அசையவில்லை.

மாதவராஜ் ஊசியைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டு "முருகா முருகா" என்றான். இவனுக்கா அந்த ஸ்டூல்.

இனி நான் வயிறு எரிவதாக எழுத மாட்டேன். எரிந்ததெல்லாம் அணைந்துவிட்டது. ஏன் என்று கேட்காதே. மாமன் பெருந்தன்மை என்று வைத்துக்கொள். நீ நன்றாக வளர். வளர்ப்பதையும் நன்றாக வளர்.

கருணைக் கடல்,
சென்றாயன்


பெங்களூர்
2.6.2025

அன்புள்ள மாமா,

இவ்வளவு மாதம் எழுதாததற்குத் திட்டாதீங்க. ஆரம்பக் கட்டத்திலேயே ரெண்டு தடவை செல் எல்லாம் செத்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம். இப்போது பன்னிரண்டு சிப்பில் ஈரல் உயிரோடு இருக்கிறது. இன்றோடு இருபத்தோரு நாள்.

எவ்வளவு நல்ல ஈரல் தெரியுமா மாமா. எங்க லேபில் இருபது பேருடைய ஈரல் வளர்கிறது. இதுபோல எதுவும் இல்லை. சுரக்க வேண்டியதைச் சுரக்கிறது, கழிக்க வேண்டியதைக் கழிக்கிறது. தினமும் காலையில் சித்தப்பா எப்படி இருக்கிறார் என்று பார்த்துவிட்டுத்தான் டீ குடிக்கிறேன். எங்க தலைமை விஞ்ஞானி வெளியிலிருந்து யார் வந்தாலும், "இதைப் பாருங்க, தருமபுரிக்காரர்" என்று காட்டுகிறார். சித்தப்பா போட்டோவைக்கூடச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

அந்த மாத்திரையை முழு அளவில் ஏழு நாள் ஓடவிட்டோம். ஒன்றும் ஆகவில்லை. அளவை ரெண்டு மடங்கு ஆக்கினோம். அப்போதும் அசையவில்லை.

இதை நான் யாருக்கும் சொல்லக் கூடாது. விதி அப்படி. ஆனால் நேற்று சித்தப்பா போனில் அழுதார். சாப்பாட்டைப் பிசையக்கூட முடியவில்லையாம், சித்திதான் ஊட்டிவிடுகிறதாம். என்னால் தாங்க முடியவில்லை. சிப் நன்றாக இருக்கிறது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். நீங்க வெளியே விடாதீங்க.

அன்புடன்,
ஐசு


கம்பைநல்லூர்
8.6.2025

ஐசு கண்ணுவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நாலாவது தடவை உன் அத்தையை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். "இதுபோல எதுவும் இல்லை" என்று வருகிற இடத்தை மட்டும் தனியாக ரெண்டு தடவை.

"அண்ணன் ஈரல் போயும் தம்பி ஈரல் தங்கமா இருக்குது பாருங்க" என்றாள் அவள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

மாதவராஜ் எந்த விதத்தில் உயர்ந்தவன்? அவன் எலுமிச்சம்பழ ஊறுகாய் தின்றாலே மூணு நாள் படுக்கிறவன். நான் கல்லைத் தின்று கரைத்தவன். ஒரு தடவை பந்தயத்தில் முப்பத்தாறு இட்லியும் ஒரு சொம்பு சாம்பாரும் இறக்கிவிட்டு, தோல்வியுற்றவனின் இட்லியையும் சேர்த்துச் சாப்பிட்டு அவனைச் சமாதானம் செய்தவன். அப்படிப்பட்ட வயிற்றுக்குள் இருக்கிற ஈரல் எப்படிப்பட்டதாக இருக்கும் என்று உன் தலைமை விஞ்ஞானிக்குத் தோன்ற வேண்டாமா? போட்டோ ஒட்டுவதற்கு முன்னால் முகத்தையாவது பார்க்க வேண்டாமா? அந்த முகத்திலா நல்ல ஈரல் தெரிகிறது?

காலையில் நீ டீ குடிப்பதற்கு முன்னால் பார்ப்பது என்று எழுதியிருக்கிறாயே. அதுதான் என்னை அதிகமாகச் சுட்டது.

அவன் இண்டூர் முழுக்கச் சொல்லிவிட்டான். கடைத்தெருவில் போகிறவர்களை நிறுத்தி, "பாப்பா பாஸ் போட்ருச்சுங்க" என்கிறானாம். வெள்ளிக்கிழமை நல்ல நாளாம், மாத்திரையை ஆரம்பிக்கப் போகிறானாம். டாக்டரிடமும் மறுபடி சீட்டு வாங்கிவிட்டான்.

ஐசு, அந்தச் சிப்பு சொல்வது நிஜமாகவே நடக்குமா? அதாவது, ஒருத்தன் ரத்தத்தில் செய்த ஈரலில் ஒன்றும் ஆகவில்லை என்றால் அவனுக்கும் ஒன்றும் ஆகாது, சரி. வேறு ஒருத்தனுக்கு அது பொருந்துமா? சும்மா ஒரு அறிவுக்காகக் கேட்கிறேன். உடனே எழுது.

மாமன் சென்றாயன்


கம்பைநல்லூர்
13.6.2025

ஐஸ்வர்யாவுக்கு,

நேற்று மூன்று தடவை போன் செய்தேன். ஒவ்வொரு தடவையும் நீ "சொல்லுங்க மாமா" என்றாய். மழை பெய்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். இங்கே மழை இல்லை.

அந்த ஈரல் மாதவராஜுடையது இல்லை. என்னுடையது.

நவம்பரில் அரூரில் அவனுக்கு ரத்தம் எடுத்தார்கள். அவன் டீ குடிக்கப் போனான். எனக்கும் சர்க்கரை பார்க்க வேண்டும், இந்தக் குழாயிலேயே பிடித்துக்கொடு என்று அந்தப் பெண்ணிடம் சொல்லி, மிச்சமிருந்த ஒரு குழாயில் என் ரத்தத்தை எடுத்துக்கொண்டேன். தருமபுரி பஸ் ஸ்டாண்டு குழாயடியில் அவன் ரத்தத்தைக் கீழே ஊற்றினேன். ஸ்டிக்கரைப் பிரித்து என்னுடையதில் ஒட்டினேன். பஸ் முழுக்கச் சந்தோஷமாக வந்தேன்.

என்ன நினைத்துச் செய்தேன் என்று கேட்பாய். உன் காரியத்தில் முதலில் என் கை பட்டிருக்க வேண்டும் என்று நினைத்தேன். வேறு ஒன்றும் இல்லை. ரப்பர்த் துண்டில் ஈரல் வளரும் என்று நீ எழுதியதை நான் நம்பவே இல்லை. ஏதோ பூஜையில் பேருக்கு வைக்கிற சொம்பு மாதிரி, யார் ரத்தமாக இருந்தால் என்ன என்று இருந்துவிட்டேன். நீ அதை எழுதியிருந்தாய். அப்பா வழி ரத்தம்தான் வேண்டும் என்று தெளிவாக எழுதியிருந்தாய். எனக்கு "உதவாது" என்கிற ஒரு வார்த்தைதான் கண்ணில் பட்டது.

இன்று விடியற்காலை முதல் பஸ்ஸில் இண்டூர் போனேன். மாதவராஜ் குளித்து, விபூதி பூசி, சாமி படத்துக்கு முன்னால் நின்றிருந்தான். உள்ளங்கையில் மாத்திரை. அவன் சம்சாரம் தங்கம்மாள் சொம்பில் தண்ணீரோடு நின்றது. உன் அம்மாவும் இருந்தாள். நான் உள்ளே நுழைந்த வேகத்தில் அவன் கையைத் தட்டிவிட்டேன். மாத்திரை உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது.

"என்னங்க மச்சான், காலையிலேயே விளையாட்டு" என்றான்.

சொன்னேன். எல்லாரையும் வைத்துக்கொண்டே சொன்னேன். உன் அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். இதுவரை என்னிடம் பேசவில்லை.

அவன் கட்டிலில் உட்கார்ந்தான். "அப்போ என்னுது எங்கீங்க?" என்றான்.

"கீழ ஊத்திட்டேன் மாப்ள."

"எங்க அண்ணனைக் கொன்ன மாத்திரைங்க இது."

"தெரியும்."

"தெரிஞ்சேதானுங்க ஏழு மாசம் கம்முனு இருந்தீங்க."

நான் குனிந்து கட்டிலுக்கு அடியில் மாத்திரையைத் தேடினேன். அவன்தான் மறுபடி பேசினான். "உங்களுக்கு என்னங்க குறை? அந்தப் புள்ள வூட்டுக்கு வந்தா வாயைத் திறந்தா மாமா மாமான்னுதான் வரும். பொறந்ததுல இருந்து அப்படித்தான். நான் ஓரமா நின்னு கேட்டுக்குவேன். ஒரே ஒரு தடவை என்கிட்ட அது ஒண்ணு கேட்டுச்சு. அதைத்தான் மண்டிக்கு வந்து நாலு பேர் கேக்கச் சொன்னேன்."

அவன் அடித்திருந்தால் தேவலை. அவனுக்கும் என்மேல் வயிறு எரிந்திருக்கிறது, ஐசு. முப்பது வருஷம். எனக்குத் தெரியாது.

தங்கம்மாள் எனக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. அது நியாயம். கம்பைநல்லூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அங்கேயே உட்கார்ந்து இதை எழுதி, ஸ்பீடு போஸ்டில் போடுகிறேன்.

சென்றாயன்


பெங்களூர்
23.6.2025

மாமாவுக்கு,

கடிதம் போன திங்கட்கிழமை வந்தது. அன்றே எங்க தலைமை விஞ்ஞானியிடம் காட்டினேன். தமிழில் இருந்ததால் வரிக்கு வரி நானே படித்து, நானே இங்கிலீஷில் சொன்னேன். ஸ்டிக்கரைப் பிரித்து ஒட்டிய இடத்தில் என்னால் தொடர முடியவில்லை. அவர் காத்திருந்தார்.

ரத்தம் கொடுத்தவருடைய சம்மதக் கையெழுத்து இல்லாமல் எதையும் வளர்க்கக் கூடாது. நீங்க எங்கேயும் கையெழுத்துப் போடவில்லை. அதனால் பன்னிரண்டு சிப்பையும் அழிக்கச் சொல்லிவிட்டார்கள். உறையவைத்திருந்த செல்லையும். ஏழு மாத வேலை. நான் அந்த ஆராய்ச்சியிலிருந்து மூன்று மாதம் ஒதுங்கியிருக்க வேண்டும். அது உங்களால் இல்லை. முடிவைச் சித்தப்பாவிடம் சொன்னது நான். அது என் தப்பு, என்னுடையது மட்டும்.

இந்த வாரம் செல் யாருடையது என்று சரிபார்க்கும் சோதனை இருந்தது. நீங்க சொல்லாவிட்டாலும் தெரிந்திருக்கும். ஆனால் அதற்குள் சித்தப்பா பத்து நாள் மாத்திரை சாப்பிட்டிருப்பார். அப்பாவுக்கு எத்தனையாவது வாரம் கண் மஞ்சளானது என்று நீங்கதான் எனக்கு எழுதியிருந்தீங்க.

அழிப்பதென்றால் ப்ளீச்சிங் திரவம்தான். சிப்பின் வாய்க்காலில் ஊசியால் ஏற்ற வேண்டும். வேறு யாராவது செய்கிறார்களா என்று கேட்டார்கள். நானே செய்கிறேன் என்று சொன்னேன். ஊற்றுவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். உங்களுடையது என்று தெரிந்து பார்த்தது அந்த ஒரு தடவைதான். முப்பத்தேழு நாள் உயிரோடு இருந்தது மாமா. நல்ல ஈரல். அதில் நான் பொய் சொல்லவில்லை.

சித்தப்பாவிடம் மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும். இந்தத் தடவை அவரே இங்கே வந்து கொடுக்க வேண்டும். மறுபடி ஏழெட்டு மாதம் அந்த விரலோடு அவர் இருக்க வேண்டும். ஜூலை பதினெட்டு என்று நாள் கொடுத்திருக்கிறார்கள்.

என்னிடம் யாராவது உங்களைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. கொஞ்ச நாள் எனக்கு எழுதாதீங்க. போனும் வேண்டாம்.

ஐஸ்வர்யா


கம்பைநல்லூர்
20.7.2025

ஐஸ்வர்யாவுக்கு,

எழுத வேண்டாம் என்று சொல்லியிருந்தாய். இது ஒன்று மட்டும். பதில் வேண்டாம்.

பதினெட்டாம் தேதி மாதவராஜைக் கூட்டிக்கொண்டு வந்தது நான்தான். அவன் பக்கத்து வீட்டுப் பையனை அழைத்து வருவதாகத்தான் இருந்தான். அந்தப் பையனுக்கு வேலை வந்துவிட்டது. தங்கம்மாளுக்கு பஸ் ஒத்துக்கொள்ளாது. நான் வரட்டுமா என்று கேட்டேன். "பேசாம வர்றதா இருந்தா வாங்க" என்றான். பேசாமல் வந்தேன். ஓசூர் வரைக்கும் அவனும் பேசவில்லை. ஓசூரில் இறங்கி டீ வாங்கியபோது கிளாஸைப் பிடிக்க முடியாமல் என்னைப் பார்த்தான். பிடித்துக் குடிக்கவைத்தேன். "சூடு" என்றான். வழி முழுக்க அந்த ஒரு வார்த்தைதான்.

உங்க ஆபீஸ் கேட்டில் நாங்கள் இருவரும் நின்றதை நீ கேமராவில் பார்த்தாயா என்று தெரியாது. அவனுக்காக நீ வெளியே வந்தாய். நான் வேப்பமரத்துப் பக்கம் ஒதுங்கிக்கொண்டேன். நீ அவன் கையை மெதுவாக, விரலில் படாமல், மணிக்கட்டில் பிடித்தாய். அப்படிப் பிடிக்க யார் சொல்லிக்கொடுத்தார்கள் உனக்கு? படியில் ஏறும்போது அவன் ஏதோ சொன்னான், நீ சிரித்தாய்.

வயிறு எரிந்தது. இல்லை என்று சொல்லி இன்னொரு பொய்யைச் சேர்க்க விரும்பவில்லை. ஓடிவந்து நடுவில் நின்றுகொள்ளலாமா என்றுகூட இருந்தது. நின்ற இடத்திலேயே நின்றேன்.

காவல்காரர் என்னைப் பார்த்துவிட்டு, வெயிலில் நிற்காதீங்க, உள்ளே வந்து உட்காருங்க என்றார். உள்ளே வருவதென்றால் நோட்டில் எழுத வேண்டுமாம். பேர் என்கிற கட்டத்தில் என் பேரை எழுதினேன். யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று அடுத்த கட்டம். அதில் உன் பேரை எழுதப் பேனாவை வைத்தேன். அப்புறம், யாரையும் இல்லை, மாதவராஜுக்குத் துணை என்று எழுதிவிட்டு, கேட்டுக்குப் பக்கத்து பெஞ்சில் அவன் வரும் வரை உட்கார்ந்திருந்தேன்.

சென்றாயன்